வத்சலா உள்ளே போவாளா?

தனம் துணிப் பொட்டலத்தைக் கவுன்டரில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

“யம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. அந்தப் பொம்பள உள்ள போவாளா, மாட்டாளா?”

அது ஒரு வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. கோந்தும் உருகிய அரக்கும் சேர்ந்து மணக்கும் எங்கள் தபால் ஆபீஸில் அந்த வாரம் முழுக்க எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்வி அது. ஸ்டாம்ப் வாங்க வந்தவர்கள் கேட்டார்கள். மீதிச் சில்லறையைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டார்கள். சிரித்துக்கொண்டு கேட்டார்கள், சிலர் திட்டிவிட்டுக் கேட்டார்கள்.

தனம் மட்டும் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

பகலில் ஸ்டாம்ப், மாலையில் அரிதாரம்

பகலில் அபிராமபுரத்தில் தபால் ஆபீஸ் கிளார்க், சாயங்காலம் மயிலாப்பூர் சபாக்களில் நாடக நடிகை என்று நான் குப்பை கொட்டிய கதையை இத்தனை வாரமாகப் படித்து வருகிறீர்கள். முதல் தடவையாகப் படிப்பவர்களுக்கும் இந்த ஒரு வரி போதும்.

தொண்ணூறுகளில் எங்கள் சபாக்காரர்கள் ஒவ்வொருவராக டி.வி. பக்கம் ஒதுங்கினார்கள். மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கத்தியே பழகிய தொண்டை எனக்கு. மைக் வைத்திருந்த பையன் முதல் நாளே காதைப் பொத்திக்கொண்டான். இருந்தும் ஒரு டைரக்டர் என்னை நம்பிப் பதிமூன்று வாரத் தொடர் ஒன்றில் கதாநாயகி வேஷம் கொடுத்தார். தொடரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் நிம்மதியாக இருக்கட்டும்.

கதாநாயகி என்றதும் பூவும் பொட்டுமாகக் கண்ணீர் விடுகிறவள் என்று நினைக்காதீர்கள். வத்சலா, கணவனையும் ஐந்து வயதுப் பெண்ணையும் விட்டுவிட்டு இன்னொருவனோடு போகிறவள். கணவன் குடிகாரன் என்றால் ஊர் அவளை மன்னித்திருக்கும். அடிப்பவன் என்றால் கைதட்டியே இருக்கும். எங்கள் கதையில் அவன் நல்லவன். அவள் ஆசைப்பட்டுத்தான் போனாள். கூட்டிப்போனவன் ஒரு வருஷத்தில் கை கழுவிவிட்டான். அப்புறம் ஏழு வருஷம் எங்கெங்கோ வேலை செய்து பிழைத்து, பன்னிரண்டாம் வாரம் பழைய வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். காலிங் பெல்லை நோக்கிக் கை போகிறது. தொடரும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அது ஒளிபரப்பானது. அடுத்த செவ்வாய் கடைசி வாரம். நடுவில் ஏழு நாள், ஊரே என் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

என்னிடமே கார்டு வாங்கி

மற்ற நடிகைகளுக்கு ரசிகர் கடிதம் வீட்டுக்கு வரும். எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை. என்னிடமே கார்டு வாங்கி, அங்கேயே நூலில் கட்டித் தொங்கும் பேனாவால் என்னைத் திட்டி எழுதி, என்னிடமே நீட்டினார்கள். “நாளைக்குப் போய்ச் சேர்ந்துடுமோல்லியோ?” என்று அக்கறையாக விசாரித்தும் கொண்டார்கள்.

சேஷாத்ரி மாமா என்று ஒருவர். ரிட்டயரான கணக்கு வாத்தியார். தினமும் ஒரு கார்டு வாங்குவார்.

“ஏம்மா வத்சலா, உனக்கு வெக்கமா இல்லையோ?” என்பார் உள்ளே வரும்போதே. “எந்த மூஞ்சிய வெச்சுண்டு அந்தாத்து வாசப்படி ஏறறே? ஒரு கார்டு குடு.”

என் சொந்தப் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி அவர் கூப்பிட்டதை அந்த மூன்று மாதமும் நான் கேட்கவில்லை.

அவருக்கு ஈடு கொடுக்க ஒரே ஆள் ஹாஜிரா அக்கா. கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருந்தவரின் மனைவி. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் கடிதம் போட வாராவாரம் வருவார். புதன்கிழமை காலை இருவரும் ஒரே வரிசையில் மாட்டிக்கொண்டார்கள்.

“தப்பு பண்ணினவ திரும்பி வந்தா கதவைச் சாத்தணும்னு சொன்னீங்கன்னா, இந்தத் தெருவுல எத்தனை கதவு தொறந்திருக்கும் மாமா? எண்ணிச் சொல்லுங்க பாப்போம்” என்றார் அக்கா.

“எண்ணறது இருக்கட்டும். ஏழு வருஷம் அந்தக் குழந்தை அம்மா அம்மான்னு அழுதுதே, அதுக்கு யார் பதில் சொல்றது? நீங்களா, நானா?”

“வந்து நிக்கிறாளே, அவதான் சொல்லணும். சொல்ல விடுங்களேன்!”

“அவ சொல்லுவா. சொல்லிட்டு மறுபடியும் ஓடுவா.”

பின்னால் இருந்த நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள். சேமிப்புப் புத்தகம் நீட்டிய ஓர் அம்மாள், “அந்தப் புருஷனைச் சொல்லணும். நல்லவனா இருந்தா மட்டும் போதுமா, வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை பேச வேண்டாமா?” என்று புது வழக்குத் தொடுத்தார். என் கை ஸ்டாம்ப் கிழித்துக்கொண்டிருந்தது. காது இரண்டும் அவர்களிடம் இருந்தன. எல்லோர் பேச்சும் எனக்குச் சரியாகவே பட்டது, அதுதான் கஷ்டம்.

செருப்பு விவகாரம்

பிறகு பேச்சு செருப்புக்கு வந்தது.

“பார்த்தேளா?” என்றார் மாமா. “கேட்டுக்கு வெளியே, தெருவிலே செருப்பை விட்டுட்டுப் படியேறினா. சொந்த ஆத்துக்கு வரவா யாராவது தெருவிலே செருப்பை விடுவாளா? ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அதான் அர்த்தம்.”

“இல்லவே இல்ல. எனக்கு இந்த வீட்ல உரிமை இல்லன்னு அவளே ஒதுங்கி நிக்கிறா. அதைப் பாத்துத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு” என்றார் அக்கா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையில் நடந்தது வேறு.

படப்பிடிப்புக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அந்த வீட்டு மாமி ஆசாரம் மிகுந்தவர். லைட்டும் கேமராவும் எப்படி வேண்டுமானாலும் உள்ளே போகலாம், செருப்பு மட்டும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். டைரக்டர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோரும் தெருவில்தான் செருப்பை விட்டோம். மூன்று நாள் பழக்கம். டேக்கிலும் கால் தானாகக் கழற்றிவிட்டது. நானும் கவனிக்கவில்லை, டைரக்டரும் கவனிக்கவில்லை. வேறு எந்த வீட்டில் எடுத்திருந்தாலும் நடந்திருக்காத தப்பு அது.

மத்தியானம் ஆபீஸ் போனிலிருந்து டைரக்டரைக் கூப்பிட்டு, ஊரில் செருப்பைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்றேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஆமாம், யோசிச்சுத்தான் வெச்சேன்” என்றார்.

அன்று எனக்கு ஏற்பட்ட பிரமிப்பை எப்படிச் சொல்வது! பத்து வருஷமாக மேடையேறி, கைதட்டல் வாங்கி, நடிப்பு என்றால் நாங்கள் கொடுப்பது, ஜனங்கள் வாங்கிக்கொள்வது என்று நினைத்திருந்தேன். நாங்கள் தூக்கக் கலக்கத்தில் செய்ததைக்கூட இவர்கள் விழித்திருந்து பார்த்திருக்கிறார்கள். பார்த்ததோடு நிற்காமல் ராத்திரி படுத்துக்கொண்டு அதை யோசித்திருக்கிறார்கள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைப் பார்க்கவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

காலையில் நடந்த அந்தச் சண்டைக்கு நடுவில்தான், வரிசையின் கடைசியில் நின்றிருந்த தனம் வாயைத் திறந்தாள்.

“அதெல்லாம் இல்லீங்க. உள்ளேர்ந்து தொரத்துனாங்கன்னா, மாட்டிகினு ஓடறதுக்குத் தோதா வெளிய வுட்டுகீறா. நான் அப்டித்தான் வுட்டேன்.”

சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. கார்டு வாங்காமலே போய்விட்டாள். மாமாவும் அக்காவும் சண்டை மும்முரத்தில் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு அந்த “நான்” மனதில் ஒட்டிக்கொண்டது.

தனம், சென்னை

தனத்தை எனக்கு ஐந்தாறு வருஷமாகத் தெரியும். மந்தவெளிப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தாள். தி. நகர் ஜவுளிக்கடைகளிலிருந்து புடவைகளை எடுத்துவந்து வீட்டில் ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பாள். வருஷத்துக்கு இரண்டு முறை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும், ஒரு துணிப் பொட்டலம் அனுப்புவாள். உள்ளே பாவாடை சட்டை. வெளியே வெள்ளைத் துணி சுற்றி அவளே தைத்திருப்பாள். எறும்பு ஊர்ந்ததுபோல் அத்தனை சின்னச் சின்னத் தையல்.

விலாசம் ஆதம்பாக்கம். ஒரு பெண்ணின் பெயர், கேர் ஆஃப் என்று போட்டு ஓர் ஆணின் பெயர்.

ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன். “பஸ்ஸுல போனா ஒரு மணி நேரம். பார்சல் போக மூணு நாள். நேரா போய்க் குடுத்தா என்ன தனம்?”

“பஸ்ஸு எனுக்கு ஒத்துக்காதும்மா. வாந்தி வரும்” என்றாள்.

தி. நகருக்குத் தினமும் பஸ்ஸில்தான் போய்வருகிறாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அனுப்புகிறவர் விலாசம் எழுதும் இடத்தில் “தனம், சென்னை” என்று மட்டும் எழுதுவாள். கதவு எண், தெரு எல்லாம் எழுதச் சொல்ல வேண்டியது என் வேலை. முதல் தடவை சொன்னேன். அவள் கெஞ்சுவதுபோல் பார்த்தாள். சின்னப் பொட்டலம்தானே என்று விட்டுவிட்டேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பொட்டலத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு தனம் நிற்கிறாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் சேஷாத்ரி மாமா மட்டும்.

“எதுக்குக் கேக்கறே தனம்?” என்றேன்.

“என் பொண்ணும்மா அது. ஆதம்பாக்கத்துல. அஞ்சு வயசுல வுட்டுட்டு வந்தேன்.” அவள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. “வத்சலா கணக்காத்தான். அந்தாளு என்னை அடிக்கல, ஒதைக்கல. நான்தான் இன்னொருத்தனோட பூட்டேன். அவன் வுட்டுட்டுப் போய்ட்டான். பொண்ணுக்கு இப்போ பன்னெண்டு வயசு. நாத்தனா வளக்குது.”

மாமா பின்னால் நிற்பதை அவளுக்குக் கண்ணால் காட்டினேன். அவள் பொருட்படுத்தவில்லை.

“போன வருசம் ஒரு தபா போனேன். கேட்டாண்ட செருப்ப வுட்டேன். உள்ள அது சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. நல்லாத்தானே கீது, நாம போய் இன்னாத்துக்கு அத்த கெடுக்கணும்னு திரும்பிட்டேன். ஆனா ஒண்ணும்மா, நான் அனுப்புனதுல ஒரு பார்சல்கூட திரும்பி வர்ல. அப்போ வாங்கிக்கினாங்கன்னுதானே அர்த்தம்? அத்த வெச்சித்தான் மனச தேத்திகினு கீறேன்.”

என் கண் பொட்டலத்தின் மேலிருந்த ‘தனம், சென்னை’க்குப் போனது.

“இந்த வாட்டி முடிவு பண்ணிட்டேன். வத்சலா உள்ள போனான்னா ஞாயித்துக்கெயம நானும் போய்டுவேன். அவ போவலன்னா நானும் போவல. உனுக்குத்தான் தெரியுமே, சொல்லு.”

எனக்குத் தெரியும். கடைசி வாரத்தை எடுத்து முடித்து இருபது நாள் ஆகியிருந்தது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று டைரக்டர் எல்லோரிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். பெல்லை அழுத்தும் முன்பே வத்சலாவுக்கு நெஞ்சு வலி வந்துவிடும். மகள் கதவைத் திறக்கும்போது படியில் பிணம்தான் கிடக்கும். அந்தக் காலத்தில் ஓடிப்போன பெண்களுக்கு டி.வி.யில் வேறு முடிவு கிடையாது. அவர்களைத் திருப்பி அழைத்து வருவதே சாகடிக்கத்தான்.

போவாள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு பொய்யாக அழுகிறவளுக்கு அது ஒரு பெரிய காரியமா? தனம் ஞாயிற்றுக்கிழமை போய்விடுவாள். செவ்வாய்க்கிழமைதானே குட்டு உடையும்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். முடியவில்லை.

“வத்சலா செத்துடுவா தனம். கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே.”

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். தனம் சிரித்தாள்.

“அதானே! சாவடிச்சிட்டா வேல முடிஞ்சிது. உள்ள போனான்னா அந்தப் பொண்ணு எதுனா கேக்கும். அது இன்னா கேக்கும்னு உங்க ஆளுங்களுக்குத் தெரியல. அதான் சாவடிச்சிட்டாங்கோ.”

அந்தக் கடைசிக் காட்சியை எழுத எங்கள் வசனகர்த்தா ஒரு வாரம் திண்டாடியது எனக்குத் தெரியும். அம்மாவும் பெண்ணும் பேசுவதுபோல் நாலு விதமாக எழுதி, நாலையும் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் நெஞ்சு வலிக்கு வந்து சேர்ந்தார். ஃபால்ஸ் தைக்கிற ஒருத்தி, கவுன்டருக்கு வெளியே நின்றபடி, அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எத்தனையோ பெரியவர்கள் என் நாடகத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர்கூட இப்படிச் சொன்னதில்லை.

பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள். “சரி, எடை போடு. இதுனா போவட்டும்.”

தராசில் வைக்கப் போன நான் வைக்கவில்லை. இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்ததை இன்றும் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

“தனம், ஒண்ணு சொல்றேன். என் மேல கோவப்படு, பரவாயில்லை. அனுப்பறவங்க விலாசம் இல்லாத பார்சல் திரும்பி வராது. அவங்க வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் உன்கிட்ட வராது. யார்கிட்டன்னு திருப்புவாங்க? ‘தனம், சென்னை’ன்னா எந்தத் தெருவுக்குக் கொண்டுவருவாங்க?”

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

“அப்போ இத்தினி நாளா நான் யாருக்குத் தெச்சேன்?”

“போய்ச் சேர்ந்தும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் சொல்றேன். முன்னாடியே சொல்லியிருக்கணும். என் தப்புதான்.”

தனம் என்னைத் திட்டவில்லை. தையலை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு பொட்டலத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“வத்சலா செத்தா சாவட்டும். நான் போய் அது இன்னா கேக்குதுன்னு கேட்டுகினு வரேன்.”

அவள் திரும்பியபோது சேஷாத்ரி மாமா வழியில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மூன்று மாதமாக வத்சலாவுக்கு மன்னிப்பே கிடையாது என்று கார்டு கார்டாக எழுதியவர். என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்குப் பதற்றமாக இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“மந்தவெளியிலேர்ந்து நேர் பஸ் கிடையாதும்மா. கிண்டியிலே இறங்கி மாறணும். ஞாயித்துக்கிழமைன்னா பஸ் கம்மி, சீக்கிரமே கிளம்பிடு” என்றார்.

திங்கட்கிழமை

செவ்வாய்க்கிழமை டி.வி.யில் வத்சலா செத்ததும், அதற்கு ஊர் என்ன சொன்னது என்பதும் எனக்குச் சரியாக நினைவில்லை. திங்கட்கிழமைதான் நினைவிருக்கிறது.

காலையிலிருந்து என் கண் வாசலிலேயே இருந்தது. சேஷாத்ரி மாமா இரண்டு கார்டு வாங்கி, எழுதாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடிதம் போடும் நாள் இல்லாவிட்டாலும் ஹாஜிரா அக்கா வந்துவிட்டார். மாமாதான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

தனம் பதினொரு மணிக்கு மேல் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கை வெறுங்கையாக இருந்தது. வரிசையில் இருந்தவர்கள் தாமாக ஒதுங்கி வழி விட்டார்கள். கவுன்டரில் வந்து சாய்ந்துகொண்டாள்.

“பார்சல் எல்லாம் வந்துகீதும்மா. ஒண்ணுகூட வுட்டுப்போவல. நாத்தனா பீரோ மேல அடுக்கி வெச்சிகீது. தையல் பிரிக்காம அப்டியே கீது.”

“யார் கதவு தொறந்தா?”

“பொண்ணுதான் தொறந்துச்சு. என் ஒசரம் வளந்துட்டுகீது. நான் யாருன்னு சொல்லவே இல்ல. அதுக்கே தெரிஞ்சிது. அந்தாளு வீட்ல இல்ல. நாத்தனா பாத்துட்டு ஒண்ணும் பேசாம உள்ள பூட்டா. நாங்க ரெண்டு பேரும் நின்னுகினே இருந்தோம்.”

“கேட்டாளா?” என்றார் அக்கா.

“கேட்டுச்சு.”

ஏன் போனாய் என்று கேட்டிருப்பாள். எங்கே இருந்தாய் என்று கேட்டிருப்பாள். என்னை நினைத்துப் பார்த்தாயா என்று கேட்டிருப்பாள். மூன்று மாதமாக என் கையில் வந்த கார்டுகளில் ஜனங்கள் எழுதியதும் இவைதான், எங்கள் வசனகர்த்தா கிழித்துப் போட்டதும் இவைதான். நானும் மனசுக்குள் இவற்றுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

“‘எத்தினி மணிக்குத் திரும்பிப் போவே?’ன்னு கேட்டுச்சு.”

மாமா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். தாயாகப் பதிமூன்று வாரம் நடித்தவளுக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றவில்லை.

“நீ என்ன சொன்னே தனம்?”

“பொய் சொல்ல வாய் வர்லம்மா. அஞ்சு மணி பஸ்ஸுக்குன்னேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “செவுத்து கடியாரத்த திரும்பிப் பாத்துச்சு. ‘இன்னும் நாலு மணி நேரம் கீது’ன்னுச்சு. சொல்ட்டு உள்ள போய் எனுக்கு ஒரு தட்டு எடுத்தாந்து வெச்சுச்சும்மா.”